ஷேக்ஸ்பியரை மூலத்திலேயே படிக்க: 'மேக்பெத்'தில் தொடங்கலாம்

ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை ஆசையாக வாங்கி, மூன்றாம் பக்கத்தில் மூடி வைத்தவர்கள் நம்மில் ஏராளம். ஏன் என்று கேட்டால், 'தௌ, தீ, ஹாத், டத் என்று ஒரே பழைய சொற்களாக இருக்கிறதே' என்பார்கள். அந்தச் சொற்கள் மேல் பழி போடுவது நியாயமில்லை. அவற்றில் அடிக்கடி வருபவை கொஞ்சம்தான், சீக்கிரம் பழகிவிடும். நம்மை ஏமாற்றுவது வேறு வகை: இன்றும் தினமும் புழங்குகிற, பார்த்தவுடன் தெரிந்த சொல்லாகத் தோன்றுகிற சொற்கள். 400 ஆண்டுகளுக்கு முன் அவற்றில் பலவற்றுக்குப் பொருளே வேறு. அதனால் முதலில் பழைய சொற்களைச் சட்டென்று முடித்துவிட்டு, இந்தப் போலித் தெரிந்த சொற்களில் நின்று நிதானித்து, அப்புறம் யாப்புக்கும் அணிக்கும் போவோம்.

இதைப் 'பழைய ஆங்கிலம்' என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். மொழி வரலாற்றில் பழைய ஆங்கிலம் என்பது சுமார் 1100-க்கு முந்தையது. அதை இன்றைய ஆங்கிலேயராலும் பாடமாகப் படிக்காமல் வாசிக்க முடியாது. ஷேக்ஸ்பியர் (1564–1616) எழுதியது நவீன ஆங்கிலத்தின் முற்பகுதியில். பக்கத்தில் இருக்கும் சொற்களில் பெரும்பாலானவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை.

முதல் படி: நாடகமும் பதிப்பும்

'மேக்பெத்'தை எடுங்கள். அவருடைய துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது இதுதான். சுமார் 2,100 வரிகள். 'ஹாம்லெட்' ஏறக்குறைய இதைப் போல இரண்டு மடங்கு. கிளைக்கதையும் கிடையாது. ஒரு படைத்தலைவன், அவனுக்கு அரசனாவான் என்று சொல்லும் மூன்று சூனியக்காரிகள், தூண்டிவிடும் மனைவி, வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசனின் கொலை, அதை மறைக்க மேலும் மேலும் கொலைகள். கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சுவை போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டாம். கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பாரதக் கதை தெரியாதா என்ன? கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டே உள்ளே போங்கள்.

பதிப்பில் கவனம் வேண்டும். வலப்பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் குறிப்பு என்று அச்சிடும் ஃபோல்ஜர் பதிப்பு புதியவர்களுக்கு நல்லது. ஆர்டன் பதிப்பு ஆய்வாளர்களுக்கானது. சில பக்கங்களில் நாலு வரி மூலமும் மீதி முழுக்க அடிக்குறிப்பும்தான் இருக்கும். ஒரு பக்கம் மூலம், மறுபக்கம் இன்றைய ஆங்கிலத்தில் பெயர்ப்பு என்று வரும் புத்தகங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண் தானாக எளிய பக்கத்துக்கு ஓடிவிடும், மூலம் அப்படியே கிடக்கும்.

இரண்டாம் படி: நீயும் நீங்களும்

ஒருமையில் அழைக்க அன்று தனிச் சொற்கள் இருந்தன. தௌ என்றால் நீ, தீ என்றால் உன்னை அல்லது உனக்கு, தை என்றால் உன். அந்தத் தை உயிரெழுத்துக்கு முன்னால் தைன் ஆகிவிடும். உன்னுடையது என்று தனியே நிற்கும்போதும் தைன்தான். தௌவோடு வரும் வினைச்சொல் 'ஸ்ட்' என்று முடியும்: ஹாஸ்ட், டஸ்ட், கான்ஸ்ட். 'நீ' வந்தால் 'வந்தாய், செய்தாய்' என்று ஆய் விகுதி ஒட்டுவது நமக்குப் பழக்கம்தானே, அதே கதை. ஆர்ட், வில்ட், ஷால்ட் மூன்றும் விதிவிலக்கு. அவன், அவள், அது என்றால் ஹாத், டத். கான்வென்டில் படித்தவர்களுக்கு 'அவர் ஃபாதர், ஹூ ஆர்ட் இன் ஹெவன்' என்ற ஜெபம் நினைவிருக்கும். கடவுளையும் ஒருமையில்தான் கூப்பிட்டார்கள், நம் பாசுரங்களிலும் பதிகங்களிலும் கூப்பிடுவதுபோல.

இலக்கணம் அவ்வளவுதான். தமிழ் வாசகருக்கு ஆதாயம் இனிமேல்தான். இன்றைய ஆங்கிலேயருக்குத் தௌ, யூ என்ற வேறுபாடு வெறும் பாடப்புத்தகச் செய்தி. நமக்கோ யார் யாரை எப்போது நீ என்கிறார், எப்போது நீங்கள் என்கிறார் என்பது காதிலேயே உறைக்கும். நெருங்கியவர், இளையவர், வேலையாள், கடவுள், சண்டைக்காரர் என்றால் தௌ. பெரியவர், மேலிடத்தவர், அறிமுகமில்லாதவர் என்றால் யூ. இது கறாரான விதி அல்ல, பல இடங்களில் கலந்தும் வரும். ஆனால் ஒரே காட்சியில் ஒருவர் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினால் அங்கே ஏதோ நடக்கிறது என்று பொருள்.

'ஹாம்லெட்' மூன்றாம் அங்கம், நான்காம் காட்சியில் தாய் சொல்கிறாள்: 'ஹாம்லெட், தௌ ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டட்.' உன் அப்பாவை ரொம்பவே புண்படுத்திவிட்டாய். அவள் சொல்லும் அப்பா, அவள் இரண்டாவதாக மணந்த சித்தப்பன். மகன் திருப்பிக் கொடுக்கிறான்: 'மதர், யூ ஹேவ் மை ஃபாதர் மச் அஃபெண்டட்.' இவன் சொல்லும் அப்பா, செத்துப்போன பழைய அரசர். அந்த யூ மரியாதைச் சொல்தான், ஆனால் பனிக்கட்டி மாதிரி இருக்கிறது. அடுத்த வரியில் தாயும் யூவுக்கு மாறிவிடுகிறாள். நம் வீடுகளிலும் கோபம் தலைக்கேறினால் 'நீ' போய் 'நீங்க பெரிய மனுஷன், உங்களுக்கு நான் சொல்லணுமா' என்று வரும். அதேதான்.

'மேக்பெத்'தில் இதை நீங்களே தேடிப் பாருங்கள். உயிரோடு இருக்கும் தோழன் பாங்க்வோவிடம் மேக்பெத் யூ போட்டுத்தான் பேசுகிறான். ஆளை வைத்து அவனைக் கொன்றபின், விருந்தில் அவன் ஆவி வந்து உட்கார்ந்ததும் 'தௌ கான்ஸ்ட் நாட் ஸே ஐ டிட் இட்' என்று அலறுகிறான். நான்தான் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது! சபை நாகரிகம் அந்த ஒரு சொல்லிலேயே கழன்று விழுகிறது.

மூன்றாம் படி: சுட்டும் வினாவும்

ஹிதர், திதர், விதர், ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்யத் திணறுவார்கள். தமிழ் தெரிந்தவர் திணற வேண்டியதே இல்லை. நமக்கு இ அண்மை, அ சேய்மை, எ வினா. இங்கே, அங்கே, எங்கே. ஆங்கிலத்தில் அந்த வேலையை மூன்று ஒலிகள் செய்கின்றன: ஹியர், தேர், வேர். அவற்றோடு 'இதர்' சேர்ந்தால் அந்த இடத்தை நோக்கி, 'என்ஸ்' சேர்ந்தால் அந்த இடத்திலிருந்து. ஆக ஹிதர் என்றால் இங்கு வா என்பதில் வரும் இங்கு. தென்ஸ் என்றால் அங்கிருந்து. விதர் என்றால் எங்கு நோக்கி.

இங்கே ஒரு பொறி உண்டு. வேர்ஃபோர் என்றால் எங்கே அல்ல, ஏன். மாடத்தில் நிற்கும் ஜூலியட் 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்பது காதலனைத் தேடி அல்ல. அவன் கீழே நிற்பதே அவளுக்குத் தெரியாது. பகைக் குடும்பத்துப் பெயரைச் சுமந்துகொண்டு நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய் என்று நொந்துகொள்கிறாள். கேலிப் படங்களிலும் விளம்பரங்களிலும் அவள் கண்மேல் கை வைத்து எட்டிப் பார்ப்பதாகக் காட்டுவதெல்லாம் இந்தச் சொல் தெரியாததால் வந்த வினை.

இதுவரை படித்ததற்கு ஒரு சோதனை. கணவனின் கடிதத்தைப் படித்த லேடி மேக்பெத், தூரத்தில் இருக்கும் அவனை மனத்தால் அழைக்கிறாள்: 'ஹை தீ ஹிதர், தட் ஐ மே போர் மை ஸ்பிரிட்ஸ் இன் தைன் இயர்.' ஹை என்றால் விரைந்து வா. மீதி எல்லாம் உங்களுக்கு இப்போது தெரியும். இயர் உயிரொலியில் தொடங்குவதால் தை போய்த் தைன் வந்திருக்கிறது. சீக்கிரம் இங்கு வா, என் துணிவை உன் காதில் ஊற்றுகிறேன். காதில் ஊற்றுவது பெரும்பாலும் நஞ்சாகத்தான் இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மீதிப் பழஞ்சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம். அனான் என்றால் இதோ வருகிறேன், ஏர் என்றால் முன், யாண்டர் என்றால் அதோ, மெதிங்க்ஸ் என்றால் எனக்குத் தோன்றுகிறது, ப்ரிதீ என்றால் தயவுசெய்து. மேரி, ஃபை, அலாக் எல்லாம் சும்மா வியப்பும் சலிப்பும். ஸவுண்ட்ஸ் என்பது கடவுளின் காயங்கள் மேல் ஆணை என்பதன் சுருக்கம். மேடையில் கடவுள் பெயரை இப்படி இழுப்பதை 1606-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதனால் 1622-இல் அச்சான 'ஒதெல்லோ'வில் இருக்கும் இந்தச் சொல் 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுப்பில் காணாமல் போய்விட்டது.

நான்காம் படி: சொல் வரிசை

அன்றைய ஆங்கிலத்தில் கேள்வி கேட்க டூ என்ற துணைவினை கட்டாயமில்லை. வினையை முன்னால் தூக்கிப் போட்டால் போதும். மறுப்பதற்கும் பின்னால் ஒரு நாட் போதும்: 'ஐ நோ நாட்.' எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிக் கிடக்கும். 'ராமனைப் பார்த்தாள் சீதை', 'பார்த்தாள் சீதை ராமனை' என்று எப்படிப் போட்டாலும் புரிந்துகொள்கிற நமக்கு இது பெரிய விஷயமில்லை. குழம்பினால் வினைச்சொல்லைப் பிடியுங்கள், யார் செய்தார் என்று கேளுங்கள், மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில் இதைக் கிட்டத்தில் பாருங்கள். மேக்பெத் இப்போது அரசன். அன்றிரவு விருந்து. பாங்க்வோவிடம் ரொம்ப அக்கறையாகப் பேசுகிறான், நடுநடுவே மூன்று கேள்விகள். 'ரைட் யூ திஸ் ஆஃப்டர்நூன்?' இன்று மாலை குதிரையேறிப் போகிறீர்களா? கொஞ்சம் ராஜ்யப் பேச்சு. 'இஸ்ட் ஃபார் யூ ரைட்?' தூரமா? மறுபடி பேச்சு. 'கோஸ் ஃப்ளியான்ஸ் வித் யூ?' மகனும் கூட வருகிறானா? மூன்றிலும் வினை முன்னால், சொற்கள் எல்லாம் பால்வாடிக் குழந்தைக்கும் புரிகிறவை. பாங்க்வோ போனதும் கொலையாளிகள் உள்ளே வருகிறார்கள். எந்த நேரம், எவ்வளவு தூரம், யார் துணை என்று இலக்கின் விவரத்தைத்தான் அவன் சேகரித்துக்கொண்டிருந்தான்.

அதே உரையாடலில் 'ஃபெயில் நாட் அவர் ஃபீஸ்ட்' என்கிறான். விருந்துக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். 'மை லார்ட், ஐ வில் நாட்' என்று பாங்க்வோ வாக்குக் கொடுக்கிறான். காப்பாற்றவும் செய்கிறான், ஆவியாக வந்து. நாடக முரண் என்று தேர்வுத்தாளில் எழுதுவது இதைத்தான்.

ஐந்தாம் படி: தெரிந்த முகம், வேறு ஆள்

கஷ்டமான பகுதிக்கு வந்துவிட்டோம். பின்வரும் சொற்களை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரெசென்ட்லி என்றால் கொஞ்ச நேரத்தில் அல்ல, உடனே. ஸ்டில் பல இடங்களில் எப்போதும். வான்ட் என்றால் வேண்டும் என்பதைவிட இல்லாமை, குறை. லெட் என்றால் விடு என்ற பொருளும் உண்டு, தடு என்ற நேரெதிர்ப் பொருளும் உண்டு: ஆவியின் பின்னால் ஓடும் ஹாம்லெட் தன்னைப் பிடித்து நிறுத்துகிறவர்களிடம், என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். ஃபான்ட் என்றால் அறிவுகெட்ட. லியர் அரசன் தன்னை ஃபூலிஷ் ஃபான்ட் கிழவன் என்பது பாசக்காரக் கிழவன் என்ற பொருளில் அல்ல. நாட்டி என்றால் குறும்பு அல்ல, கொடியது. பிரேவ் பல இடங்களில் பகட்டான, அருமையான. வீட்ஸ் என்றால் களை மட்டுமல்ல, உடையும்கூட. சாஃப்ட் என்று ஒருவர் திடீரென்று சொன்னால் பொறு, நில் என்று பொருள். கஸின் எந்த உறவினருக்கும் பொருந்தும், நாம் 'பங்காளி' என்பதைவிடத் தாராளமாக.

'மேக்பெத்'துக்குள்ளேயே இருக்கும் நல்ல எடுத்துக்காட்டு எர்னஸ்ட். இன்று அதற்கு ஊக்கமான, உண்மையான என்று பொருள். முதல் அங்கம், மூன்றாம் காட்சியில் அரசனின் ஆளான ராஸ் மேக்பெத்திடம் வந்து, பெரிய கௌரவம் ஒன்றுக்கு எர்னஸ்டாக உனக்குக் காடர் பிரபு என்ற பட்டம் தரச் சொன்னார் அரசர் என்கிறான். அது நம் அச்சாரம், அட்வான்ஸ். வீடு நிலம் வாங்கியவர்கள் எர்னஸ்ட் மணி என்று இன்றும் சொல்வதில் அந்தப் பொருள் மிஞ்சியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மேக்பெத் தனக்குள் கேட்டுக்கொள்கிறான்: இந்தச் சூனிய வாக்கு கெட்டது என்றால், எனக்கு ஏன் அச்சாரம் கொடுத்தது? அச்சாரம் வாங்கியவன் மீதிக் காரியத்துக்குக் கட்டுப்பட்டவன். எர்னஸ்டை ஊக்கம் என்று படித்துவிட்டுப் போனால் அந்த வலை கண்ணில் படாது.

அடுத்த காட்சியிலேயே ஓ என்ற வினை. துரோகத்துக்காக மரண தண்டனை பெற்ற பழைய காடர் பிரபு, தான் 'ஓட்' செய்த மிக அருமையான பொருளைத் துச்சமாக எறிந்தான் என்று இளவரசன் சொல்கிறான். கடன்பட்ட பொருள் அல்ல. உடைமையாக வைத்திருந்த பொருள், அதாவது உயிர். அப்புறம் அந்த வியர்ட் சிஸ்டர்ஸ், அதாவது மூன்று சூனியக்காரிகள். வினோதச் சகோதரிகள் என்று படித்தால் பாதிதான் கிடைக்கும். வியர்ட் அன்றைக்கு விதியைக் குறித்த சொல்.

இப்படிப்பட்ட சொல்லை எப்படி மோப்பம் பிடிப்பது? வாக்கியத்தில் எல்லாச் சொல்லும் தெரிகிறது, ஆனால் மொத்தப் பொருள் சற்றே கோணலாக நிற்கிறது என்றால், அதில் இருப்பதிலேயே சாதாரணமான சொல்லைச் சந்தேகப்படுங்கள். குறிப்பில் இல்லையென்றால் டேவிட் கிறிஸ்டலும் பென் கிறிஸ்டலும் 2002-இல் தொகுத்த 'ஷேக்ஸ்பியர்ஸ் வேர்ட்ஸ்' போன்ற தனி அகராதி உதவும். பொது அகராதியில் தேடாதீர்கள், அது இன்றைய பொருளையே முதலில் நீட்டும்.

ஆறாம் படி: அசை

மேசையில் விரலால் தட்டிக்கொண்டு இந்த வரியைச் சொல்லுங்கள்: 'ஸோ ஃபவுல் அண்ட் ஃபேர் அ டே ஐ ஹேவ் நாட் ஸீன்.' பத்து அசை. மெலிந்தது ஒன்று, அழுத்தமானது ஒன்று என்று ஐந்து சீர். நம் யாப்பில் குறில் நெடில் கணக்கு. இங்கே குரலின் அழுத்தம் கணக்கு. நாடகத்தின் பெரும்பகுதி இந்த ஓட்டத்தில், எதுகை இல்லாமல் போகிறது. பேச்சின் முடிவிலோ காட்சியின் முடிவிலோ இரண்டு வரி இயைபோடு வந்து கதவைச் சாத்தும்.

இதைத் தெரிந்துகொண்டால் சொற்களில் எழுத்து விடுபட்ட இடத்தில் வரும் மேற்குறிகளின் மர்மம் விலகும். டிஸ், டுவாஸ், ஓர், நேர், டேன் எல்லாம் அசைக் கணக்குக்காக நறுக்கப்பட்டவை. மாறாக, எட் என்று முடியும் சொல்லில் அந்த ஈ மேல் சின்னக் கோடு போட்டிருந்தால் அதைத் தனி அசையாக உச்சரிக்க வேண்டும்.

இன்னொன்று: சில இடங்களில் வரி பக்கத்தின் நடுவில் தொடங்கும். அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். ஒரே வரியை இரண்டு பேர் பங்கிட்டுப் பேசுகிறார்கள். அரசன் டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத் இறங்கி வரும் காட்சியில், நீங்கள் பேசவில்லையா, எப்போது, இப்போது, நான் இறங்கும்போதா என்று ஒரு வரி நாலு துண்டாகிறது. இடைவெளி விடாமல் படித்தால்தான் இருட்டில் இருவரும் கிசுகிசுப்பது கேட்கும்.

யார் செய்யுளில் பேசுகிறார், யார் உரைநடையில் பேசுகிறார் என்றும் பாருங்கள். குடிகார வாயிற்காவலன் உரைநடை. சூனியக்காரிகளுக்கு அழுத்தத்தில் தொடங்கும் குட்டை வரிகள். மனித ஓட்டமே இல்லை. நாடகம் முழுக்கக் கம்பீரமாகச் செய்யுளில் பேசிய லேடி மேக்பெத், தூக்கத்தில் நடந்து கையைக் கழுவும் காட்சியில் உரைநடைக்கு இறங்கிவிடுகிறாள்.

ஏழாம் படி: அணிகள்

பெயர் ஒட்டுவதோடு நின்றால் அணி படித்ததாக ஆகாது. இது உருவகம், இது முரண் என்று ஓரத்தில் எழுதிவிட்டு, இந்த இடத்தில் இந்த ஆளுக்கு இது எதற்கு என்று கேளுங்கள்.

மேலே தட்டிப் பார்த்த வரியையே எடுங்கள். மேக்பெத் மேடையில் பேசும் முதல் வரி அது: இவ்வளவு கெட்டதும் நல்லதுமான நாளை நான் கண்டதில்லை. முதல் காட்சியில் சூனியக்காரிகள் 'ஃபேர் இஸ் ஃபவுல், அண்ட் ஃபவுல் இஸ் ஃபேர்' என்று பாடும்போது அவன் அங்கே இல்லை. கேட்காத சொற்கள் அவன் வாயில் வருகின்றன. முரண் என்று குறித்தால் ஒரு மதிப்பெண்; அவர்களைச் சந்திப்பதற்கு முன்பே அவன் அவர்கள் மொழியில் பேசுகிறான் என்று பார்த்தால் நாடகமே திறக்கும்.

சிலேடை சிரிப்புக்கு மட்டும் என்று நினைப்போம். கொலைக்குப் பின் லேடி மேக்பெத், அரசனிடமிருந்து வழியும் இரத்தத்தைக் காவலர் முகத்தில் 'கில்ட்' செய்வேன், அது அவர்கள் 'கில்ட்' என்று தெரிய வேண்டும் என்கிறாள். முதலாவது பொன்முலாம் பூசுவது, இரண்டாவது குற்றம். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அந்த நேரத்தில் சிலேடை வருகிற மனம் எப்படிப்பட்ட மனம்!

தனிமொழிக்கு முதல் அங்கம், ஏழாம் காட்சி. 'இஃப் இட் வேர் டன் வென் டிஸ் டன், தென் டுவேர் வெல் இட் வேர் டன் குவிக்லி.' செய்ததும் அது முடிந்துவிடுமானால், சீக்கிரம் செய்வதே நல்லது. அது, அது, அது. எது என்று சொல்ல நாக்கு வரவில்லை. பேச்சு நகர்ந்தபிறகுதான் கொலை என்ற பொருள்தரும் சொல் வருகிறது, அதுவும் அன்று புழக்கத்துக்குப் புதிதான, நீளமான 'அஸாஸினேஷன்'. அரசியல்வாதிகள் கூசும் விஷயத்துக்குப் புதுக் கலைச்சொல் தேடுவது இன்று நேற்றுப் பழக்கமல்ல.

பக்கமொழி, அதாவது மேடையில் மற்றவர் இருக்கும்போதே சபைக்கு மட்டும் பேசுவது, குறிப்பிலேயே போட்டிருக்கும். போடாமல் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். செத்த துரோகியைப் பற்றி டங்கன் வருந்துகிறார்: முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் கலை கிடையாது, அவனை முழுக்க நம்பினேன். அவர் சொல்லி முடிக்கவும் மேக்பெத் உள்ளே வருகிறான். ஒரு மேடைக்குறிப்பு, அவ்வளவுதான்.

எப்படி உட்கார்ந்து படிப்பது

ஒரு காட்சியை மூன்று முறை படியுங்கள். முதல் முறை குறிப்பைப் பார்க்காமல், புரிந்தவரை. இரண்டாம் முறை குறிப்போடு. மூன்றாம் முறை வாய்விட்டு. வீட்டில் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். முதல் காட்சி பத்துப் பன்னிரண்டு வரிதான் என்பதால் அன்றே முடிந்துவிடும். முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சி போர்க்கள விவரணை, வாக்கியங்கள் நீளம். அங்கே சிக்கிக்கொண்டால் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் காட்சிக்குத் தாவுங்கள், பிறகு திரும்பி வரலாம். நல்ல ஒலிப்பதிவு கிடைத்தால் புத்தகத்தில் கண் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அடுத்தது 'ஜூலியஸ் சீஸர்'. சொற்கள் எளியவை. மூன்றாம் அங்கத்தில் புரூட்டஸ் உரைநடையில் பேசி, பின்னால் வரும் ஆண்டனி செய்யுளில் பேசி அதே கூட்டத்தைத் திருப்பிவிடுவதை, மேலே சொன்ன ஆறாம் படியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம். இன்பியல் நாடகங்கள்தான் சுலபம் என்று நினைத்து 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' பக்கம் மட்டும் இப்போதே போய்விடாதீர்கள். அதில் பக்கத்துக்குப் பக்கம் சிலேடை. ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு பார்த்துத்தான் சிரிக்க வேண்டும்.